நரம்பு, தசை, நாண்: வலு ஏறும் மூன்று வேகங்கள்

2014 ஜூலையில் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் 149 கிலோ, தோள்வரை தூக்கி நிறுத்தி அங்கிருந்து மேலே ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ, மொத்தம் 328. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் அதே பிரிவில் மறுபடியும் தங்கம். இந்த முறை 144, 173, மொத்தம் 317.

இரண்டு தங்கத்துக்கும் நடுவில் 2016-இல் ரியோ ஒலிம்பிக் வந்தது. அங்கே அவர் தூக்கியது 148, 181, மொத்தம் 329. மூன்று மேடைகளில் அவர் அதிகம் தூக்கியது ரியோவில்தான். கிடைத்த இடமோ 11. குறைவாகத் தூக்கிய 317-க்குத் தங்கப் பதக்கம்.

என்ன இடம் என்பதை எதிரே நிற்பவர்கள் முடிவு செய்கிறார்கள். எத்தனை கிலோ என்பதை அவரவர் உடல் முடிவு செய்கிறது. நாம் இங்கே பார்க்கப்போவது இரண்டாவதை. பயிற்சி செய்தால் வலு கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே கூடுகிறது, எவ்வளவு நாளில் கூடுகிறது, ஒரே பயிற்சி செய்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் அதிகம் கூடுகிறது என்பவை அவ்வளவாகத் தெரியாத சங்கதிகள்.

சுருக்கமாகச் சொன்னால் வலு மூன்று இடங்களில் ஏறுகிறது: நரம்பில், தசையில், தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாணில். மூன்றின் வேகமும் வேறு. அந்த வேகங்களும் ஆளுக்கு ஆள் மாறும். ஜிம்மில் வரும் ஏமாற்றங்களும் காயங்களும் பெரும்பாலும் இந்த வேக வித்தியாசத்தைக் கவனிக்காததால் வருபவை.

முதலில் தேறுவது நரம்பு

ஜிம்மில் சேர்ந்தவருக்கு முதல் இரண்டு மாதம் கொண்டாட்டம்தான். முதல் நாள் 20 கிலோ வெறும் பாரைத் தோளில் வைத்துத் தடுமாறியவர், ஆறு வாரத்தில் 40 கிலோவோடு ஸ்குவாட் போடுவார். கண்ணாடியில் பார்த்தால் தொடை அப்படியேதான் இருக்கும். பிறகு இந்த வலு எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு இயக்க நரம்பும் தசை இழைகளில் ஒரு கூட்டத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. கண்ணைத் திருப்பும் தசையில் அந்தக் கூட்டம் மிகச் சிறியது. தொடையில் ஒரே நரம்பின் பொறுப்பில் நூற்றுக்கணக்கான இழைகள், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். நரம்பு கட்டளை கொடுத்தால் அதன் கூட்டம் முழுவதும் சுருங்கும்.

எந்தக் கூட்டத்தை எப்போது அழைப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் எல்வுட் ஹென்னமன் 1957-இல் இதைக் காட்டினார். சிறிய நரம்புகள் முதலில் வேலைக்கு வரும். பளு கூடக்கூடத்தான் பெரிய நரம்புகள் எழும். பெரிய நரம்புகளின் பொறுப்பில் இருப்பவை வேகமாகச் சுருங்கி, அதிக விசை கொடுத்து, சீக்கிரம் களைத்துப்போகும் இழைகள். பழக்கமில்லாதவர் முழு முயற்சி எடுத்தாலும் இவற்றில் ஒரு பகுதி முழு வேகத்தில் வேலைக்கு வருவதில்லை.

வடம் பிடித்துத் தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் எண்ணிக்கை அதேதான். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் மூச்சு வாங்கினால் தேர் நகராது. எல்லோரும் ஒரே குரலுக்கு இழுத்தால் நிலையைவிட்டுக் கிளம்பிவிடும். முதல் வாரங்களில் உடலுக்குள் நடப்பது இதுதான். நரம்புகள் அடிக்கடி துடிக்கின்றன, நேரம் பார்த்துச் சேர்ந்து துடிக்கின்றன, எதிர்ப்புறம் இழுக்கும் தசைகள் விலகி வழிவிடுகின்றன. 1979-இல் மோரிட்டானியும் டிவ்ரீஸும் செய்த ஆய்வு இதை அளந்து காட்டியது: தொடக்க வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பங்கு நரம்பினுடையது, தசை பருப்பதன் பங்கு அதற்குப் பிறகே மேலோங்குகிறது.

இதற்கு இன்னொரு பழைய சாட்சி உண்டு. 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, பயிற்சியே செய்யாத மறு கைக்கும் வலு கூடியிருந்தது. அந்தக் கையின் தசை ஒன்றும் செய்யவில்லை. நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டதன் பலன் அது. ஒரு கையில் மாவுக்கட்டு போட்டிருப்பவருக்கு நல்ல கையில் பயிற்சி கொடுக்கும் வழக்கத்துக்கு அடிப்படை இதுவே.

நரம்பு எதைக் கற்றதோ அதைத்தான் செய்யும். லெக் பிரஸ் மெஷினில் 150 கிலோ தள்ளுபவரால் பாரைத் தோளில் வைத்து அதில் பாதியோடு கூட ஸ்குவாட் போட முடியாமல் போகலாம். ஸ்நாட்ச்சில் பாரைத் தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரே வீச்சில் கொண்டுபோக வேண்டும். முழங்கால், இடுப்பு, தோள் மூன்றும் எந்த நொடியில் எவ்வளவு விரிய வேண்டும் என்ற பாடம் பல ஆண்டுகளில் நரம்பில் பதிவது. பளுதூக்கும் வீரர்களின் உடல் ஆணழகன் போட்டிக்காரர்களைப்போல் பருத்திருக்காததற்கும், அவர்களைவிட அதிக எடையை அவர்கள் தலைக்கு மேல் தூக்குவதற்கும் காரணம் இதில் இருக்கிறது.

இரண்டாவது பருப்பது தசை

தசை பருக்க வேண்டுமானால் அதன் மேல் விழும் இழுவிசை பழகியதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பழகியதும் மறுபடி கூட்ட வேண்டும். தண்டாலும் பஸ்கியும் எடுத்த பழைய உடற்பயிற்சிக்கூடங்களிலும் கர்லாக்கட்டையின் கனத்தைப் படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். அதை மருத்துவ முறையாக வகுத்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப்போரில் முழங்கால் அடிபட்டு வந்த வீரர்களுக்கு அப்போதைய வழக்கப்படி லேசான பயிற்சிகளையே கொடுத்துவந்தார்கள். டிலோர்ம் அதை மாற்றினார். பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத கனத்தைக் கொடுத்து, தேறத் தேற ஏற்றிக்கொண்டே போனார். 1945-இல் இதைப் பற்றி எழுதினார். இன்று ஜிம்மில் 'மூணு செட், பத்து ரெப்' என்று சொல்லிக்கொடுப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

ஒரு நல்ல பயிற்சிக்குப் பின் தசையில் புரதம் கட்டும் வேலை ஒன்றிரண்டு நாள் வேகமாக நடக்கிறது. அதனால் ஒரே தசைக்கு வாரம் இரண்டு தடவை வேலை கொடுப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். மறுநாள் வலித்தால்தான் பயிற்சி பலித்தது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பழகாத வேலை செய்தால் வலிக்கும், பழகினால் வலிக்காது. வளர்ச்சி இரண்டிலும் நடக்கும். தசையின் அளவு கூடுவதற்குக் கனம் குறைவாக இருந்தாலும் போதும், கிட்டத்தட்ட முடியாத நிலைவரை செய்தால் சரி. உச்ச வலு கூட வேண்டுமென்றால் கனமான எடைதான் வேண்டும். அது நரம்புக்கான பாடம்.

சாப்பாட்டில் கணக்கு எளிது. சாதாரணமாக வாழ்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. வலுப் பயிற்சி செய்பவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியான அலசல், கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம்வரை கூட்டினால் பயன் இருக்கிறது, அதற்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. 60 கிலோ ஆளுக்கு அது 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல். ஆம்பூர் பிரியாணியில் சீரகச் சம்பா அரிசி வேண்டிய மாவுச்சத்தைக் கொடுத்துவிடும். புரதத்தின் அளவு, தட்டில் எத்தனை துண்டு கறி விழுந்தது என்பதைப் பொறுத்தது. சைவர்களுக்குப் பருப்பு, சுண்டல், தயிர், பனீர், சோயா என்று வேளைக்கு ஒன்றாகச் சேர்த்தால் கணக்கு நிறையும்.

மெதுவாக இறுகுவது நாண்

மூன்றாவது நாண். தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியப் பொருள் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளுக்குள் போகும் மாட்டுத்தோலுக்கும் ஆட்டுத்தோலுக்கும் உடலாக இருப்பது கொலாஜன் என்ற புரதம். குரோமிய உப்பு அந்தக் கொலாஜன் சரங்களை ஒன்றோடொன்று பிணைப்பதால்தான் தோல் அழுகாமல் லெதராகிறது. நம் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலுக்கு மேலேயும் இருக்கும் நாண்கள் பெரும்பகுதி அதே கொலாஜன்தான்.

அந்தப் புரதத்தின் வடிவம் தெரியவந்ததும் தமிழ்நாட்டில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜன் மூன்று சரங்கள் பின்னிய திருகு வடிவம் கொண்டது என்று வெளியிட்டார்கள். தொடக்கத்தில் மாதிரிகளைக் கொடுத்தது, அவர்களின் துறை இருந்த கிண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். பிறகு எக்ஸ்கதிர்ப் படத்துக்கு அவர்கள் பயன்படுத்தியது கங்காருவின் வால் நாண்.

முறுக்கிய மூன்று சரங்கள் இழுவையைத் தாங்கும். ஆனால் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதில் உயிரணுக்களும் குறைவு. அதனால் புதுப்பிப்பு மெதுவாக நடக்கிறது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குதிகால் நாணின் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் அது பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை.

அதற்காக நாண் மாறவே மாறாது என்று நினைக்க வேண்டாம். கனமான பயிற்சியை மூன்று மாதம் போலத் தொடர்ந்தால் அது விறைப்பேறுகிறது. தசையின் இழுப்பை வீணாக்காமல் எலும்புக்குக் கொண்டுபோகிறது. சிக்கல் காலத்தில்தான். நரம்பு ஆறு வாரத்தில் தயாராகிவிடும். தசை மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். நாண் அப்போதுதான் மாறத் தொடங்கியிருக்கும். 'வலு வந்துவிட்டது' என்று ஆறாவது வாரத்தில் கனத்தை இரட்டிப்பாக்குபவரின் முழங்கால் முன்பக்கமோ முழங்கையோ வலிக்க ஆரம்பிப்பதற்கு இது முக்கியக் காரணம். ஊக்க ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல். ஸ்டீராய்டு தசையைச் சீக்கிரம் பருக்கவைக்கும், நாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நாண் அறுந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவாகியுள்ளன. சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு படுத்துப்போவது, இதயத்துக்குக் கேடு, போட்டியில் தடை ஆகியவை தனிக் கணக்கு.

ஒரே பயிற்சி, வேறு வேறு பலன்

அமெரிக்காவில் 585 பேருக்கு, அதிகம் புழங்காத கைக்கு மட்டும், 12 வாரம் ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது. மேற்கைத் தசையின் அளவு ஒருவருக்கு 2 சதவீதம் குறைந்திருந்தது. இன்னொருவருக்கு 59 சதவீதம் கூடியிருந்தது. வலு சிலருக்குக் கொஞ்சமும் ஏறவில்லை. ஒருவருக்கு 250 சதவீதம் ஏறியிருந்தது. பெரும்பாலோர் நடுவில் இருந்தார்கள். அளப்பதில் வரும் பிழையும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி பெரியது.

இதற்குப் பரம்பரை ஒரு காரணம். அடிக்கடி பேசப்படுவது ஆல்பா ஆக்டினின்-3 என்ற புரதத்தின் மரபணு. வேகமாகச் சுருங்கும் இழைகளில் மட்டும் இருக்கும் இந்தப் புரதம் உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உருவாவதே இல்லை. அவர்கள் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். 2003-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், உச்ச நிலை குறுந்தூர ஓட்ட வீரர்களிலும் வலு வீரர்களிலும் அந்தப் புரதம் இல்லாதவர்கள் அரிது என்று காட்டினார்கள். ஆனாலும் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் இந்த ஒரு மரபணு விளக்குவது இரண்டு மூன்று சதவீதம்தான். உமிழ்நீரைச் சோதித்து 'உங்கள் பிள்ளை இந்த விளையாட்டுக்கு ஆவான்' என்று சொல்லும் வியாபாரத்துக்கு இது போதாது. சதீஷின் அப்பா சிவலிங்கமும் தேசிய அளவில் பளுதூக்கியவர். மகனுக்கு வந்தது அப்பாவின் மரபணுவா, வீட்டிலேயே சின்ன வயதிலிருந்து ஒரு பயிற்சியாளர் இருந்ததா என்று எந்தச் சோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எலும்பின் நீளம் இன்னொரு காரணம். தொடை எலும்பு நீண்டவர் ஸ்குவாட்டில் கீழே போகும்போது முன்னால் அதிகம் சாய்ந்தாக வேண்டும்; முதுகின் வேலை கூடும். கை நீண்டவருக்கு டெட்லிஃப்ட் லாபம், தலைக்கு மேல் தூக்குவது நஷ்டம், ஏனென்றால் பார் போகவேண்டிய தூரம் கூடுகிறது. ஒரே கனம், ஒரே தசை, ஆனால் வேலையின் அளவு வேறு. 'முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது' என்று எல்லோருக்கும் ஒரே விதி வைப்பது இதனால்தான் சரிவருவதில்லை. நீண்ட தொடைக்காரரின் முட்டி தாண்டத்தான் செய்யும். அதில் தவறில்லை.

நாளுக்கு நாளும் வலு மாறும். தூக்கம் குறைந்தால் குறையும். மாலையில் உடல் வெப்பம் சற்றுக் கூடியிருப்பதால் பெரும்பாலோருக்கு உச்ச வலு காலையைவிடச் சில சதவீதம் அதிகம். தொடர்ந்து காலையிலேயே பயிற்சி செய்தால் அந்த வித்தியாசம் குறைந்துவிடும். வேலூரின் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வந்தவர் முதல் செட்டில் பிழைத்துக்கொள்வார், நாலாவது செட்டில் மாட்டிக்கொள்வார்.

இதோடு இன்னொரு செய்தியையும் சேர்க்க வேண்டும். ஒரு முறையில் வலு ஏறாதவருக்கு எப்போதுமே ஏறாது என்று அர்த்தமில்லை. செட் எண்ணிக்கை, கனம், ஓய்வு இவற்றில் ஏதாவது ஒன்றை மாற்றினால் அவர்களில் பலருக்கு ஏறத் தொடங்குகிறது.

கிலோ கணக்கு சொல்லும் கதை

தனி ஒருவரின் உடலைப் படிக்கப் பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் எளிய கருவி ஒரு வகுத்தல். ஸ்நாட்ச்சில் தூக்கியதை கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கியதால் வகுக்கிறார்கள். தேர்ந்த வீரர்களுக்கு இது பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டி வரும். ரொம்பக் குறைந்தால் வலு இருக்கிறது, ஸ்நாட்ச் நுட்பம் போதவில்லை என்று பொருள். ரொம்பக் கூடினால் நுட்பமும் வேகமும் இருக்கின்றன, கால் வலு பின்தங்கியிருக்கிறது என்று பொருள்.

சதீஷின் எண்களைப் போட்டுப் பாருங்கள். 2014-இல் 149-ஐ 179-ஆல் வகுத்தால் 83.2 சதவீதம். 2018-இல் 144-ஐ 173-ஆல் வகுத்தாலும் 83.2. நடுவில் ரியோவில் 81.8. நான்கு ஆண்டில் மொத்தம் 11 கிலோ குறைந்திருக்கிறது, விகிதம் அசையவில்லை. கோல்ட் கோஸ்டுக்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க் முயன்றபோது அவருக்குத் தொடைத் தசையில் காயம். முழு உடல்நலத்தோடு வரவில்லை என்று அவரே சொன்னார். கால் வலு குறைந்த அளவுக்கு இரண்டு தூக்கலும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. நரம்பில் பதிந்த பாடம் கலையவில்லை என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

கோல்ட் கோஸ்ட் மேடையில் வெள்ளி வென்ற இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் ஸ்நாட்ச்சில் 145 தூக்கி, சதீஷைவிட ஒரு கிலோ முன்னால் இருந்தார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் 167-ஓடு நின்றுவிட்டது. 171-ஐ முயன்று இரண்டு முறை தவறவிட்டார். அன்றைய அவர் விகிதம் 86.8. முதல் பாதியில் ஒரு கிலோ முந்தியவர் முடிவில் ஐந்து கிலோ பிந்தினார். இந்த இருவருக்கும் ஒரே பயிற்சி அட்டவணையைக் கொடுத்தால் ஒருவருக்காவது அது பொருந்தாது.

நாள் முழுக்கச் சுமப்பவருக்கு ஜிம் எதற்கு?

டேனரியில் ஈரத்தோலைத் தூக்கிப்போடுகிறவர், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் இவர்களுக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். சுமப்பது உடலுக்குத் தாங்கும் திறனைக் கொடுக்கிறது. ஆனால் கனம் நாளுக்கு நாள் ஏறுவதில்லை, ஒரே பக்கம் திரும்பத் திரும்பக் குனிய வேண்டியிருக்கிறது, ஓய்வு எப்போது என்பது உழைப்பவர் கையில் இல்லை. பயிற்சிக்கு உயிரான மூன்றும், அதாவது படிப்படியான ஏற்றமும் பல திசை அசைவும் போதிய ஓய்வும், இங்கே இல்லை. ஐரோப்பிய ஆய்வுகள் பலவும் ஒன்றைக் கண்டிருக்கின்றன: ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையை, நாள் முழுக்க நீளும் கடும் உடலுழைப்பு தருவதில்லை. அவர்களுக்கு வேண்டியது இன்னொரு சுமை மணிநேரம் இல்லை. வாரம் இரண்டு நாள், சிறிது நேரம், முதுகுக்கும் இடுப்புக்கும் தோளுக்கும் கணக்கான பயிற்சி, மற்ற நேரம் ஓய்வு.

இந்தத் தோல் ஊர்களின் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மெஷினுக்கு முன் கழுத்தைக் குனிந்து தைப்பவருக்கு வரும் கழுத்து வலிக்கும் தோள் வலிக்கும் வலுப் பயிற்சி மருந்தாகும். ஒரு நாளைக்கு இரண்டே நிமிடம் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியை 10 வாரம் செய்தவர்களுக்கு அந்த வலி குறைந்ததை டென்மார்க் ஆய்வு ஒன்று 2011-இல் காட்டியது. பெண்களுக்கு உடம்பு முறுக்கேறிவிடும் என்ற பயம் வேண்டாம். தொடங்கிய இடத்திலிருந்து சதவீதமாகப் பார்த்தால் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வலு ஏறுகிறது. ஆண்களின் அளவுக்குப் பருக்கவைக்கும் ஹார்மோன் பெண்களுக்குக் குறைவு. 49 கிலோ பிரிவில் நின்று டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு தூக்கியது 87, 115. மொத்தம் 202 கிலோ, வெள்ளிப் பதக்கம்.

வயதும் தடை இல்லை. முப்பது தாண்டியபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடும். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு 8 வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் ஏறியிருந்தது.

பெல்ட்டும் ஷூவும்

லெதர் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. பளுதூக்குபவர் இடுப்பில் கட்டும் பெல்ட் முதுகெலும்பைப் பிடித்து நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலை செய்வது வயிற்றில். மூச்சை இழுத்து அடக்கி வயிற்றை இறுக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி நடுவுடல் விறைக்கிறது. பெல்ட் வயிற்றுக்கு எதிரே ஒரு சுவராக நின்று அந்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பளுதூக்குதல் விதி. வயிற்றை இறுக்கப் பழகாதவருக்குப் பெல்ட்டால் பெரிய பயன் இல்லை. மூச்சை அடக்கும் நொடிகளில் ரத்த அழுத்தம் கடுமையாக எகிறும். ரத்தக்கொதிப்பும் இதயநோயும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே கனமான எடையைத் தொட வேண்டும்; அதுவரை தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்குவது நல்லது.

ஓட்டத்துக்கான ஷூவின் அடி மெத்தென்று அமுங்கும். ஓடுபவருக்கு அது நல்லது, தூக்குபவருக்குக் கெடுதல். தரையில் தள்ளும் விசையில் கொஞ்சம் அதில் தொலையும், பாதமும் ஆடும். பளுதூக்கும் ஷூவின் அடி அமுங்காது. குதிகால் சுமார் 2 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். கணுக்கால் முன்பக்கம் அதிகம் மடங்காதவருக்கு அந்த உயரம் ஆழமாக உட்காரவும் முதுகை நிமிர்த்தவும் உதவும். கணுக்கால் நன்றாக மடங்குபவருக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. வாங்குமுன், வெறுங்காலோடு குந்தி உட்கார்ந்து குதிகால் தரையைவிட்டு எழுகிறதா என்று பாருங்கள்.

இன்று தொடங்குபவருக்கு

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது என்று நான்கு வகை அசைவு. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செட், கனமான செட்டுக்கு நடுவில் மூன்று நிமிட ஓய்வு. நொடிகளில் செலவாகும் தசையின் உடனடி எரிபொருள் பெரும்பாலும் மீண்டு சேர அவ்வளவு நேரம் வேண்டும். ஒவ்வொரு செட் முடிந்ததும் 'இன்னும் எத்தனை முறை தூக்கியிருக்க முடியும்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று என்று பதில் வந்தால் கனம் சரி. ஐந்துக்கு மேல் என்றால் அடுத்த தடவை கொஞ்சம் ஏற்றலாம். ஒன்றுமில்லை என்றால் ஏற்ற வேண்டாம்.

முதல் மூன்று மாதம் வலு எவ்வளவு வேகமாக ஏறினாலும், கனத்தை அதைவிட மெதுவாக ஏற்றுங்கள். நாணுக்குக் கொடுக்கும் அவகாசம் அது. மூட்டுக்கு மேலோ கீழோ ஒரே புள்ளியில் வலி தொடர்ந்தால் கனத்தைக் குறைத்து ஒன்றிரண்டு வாரம் பாருங்கள். குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

பவுடர்களில் நீண்ட காலம் ஆராயப்பட்டுப் பலன் உறுதியானது கிரியேட்டின்; நாளுக்கு 3 முதல் 5 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொட வேண்டாம். லேபிள் இல்லாத டப்பாவையும் ஊசியையும் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, எடை, எத்தனை முறை, எவ்வளவு தூங்கினீர்கள் என்று நான்கு பத்தி போதும். மூன்று மாதம் எழுதினால் உங்கள் உடல் எதற்கு இறங்கிவருகிறது, எதற்கு முரண்டுபிடிக்கிறது என்று தெரிய ஆரம்பிக்கும். பக்கத்து மெஷினில் நிற்பவர் எத்தனை கிலோ போட்டிருக்கிறார் என்பது அவருடைய நோட்டுக்கான சமாச்சாரம். உங்கள் அடுத்த செட்டுக்கான எண்ணை உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எடுங்கள்.